எண்ணெய்க்கும் துணிக்கும் இட்ட பெயர்

பிறர் தரும் பொருளை எதிர்பார்த்து ஒரு பெயரை வைக்கலாமா என்ற கேள்வி கைப்பேசியோடு பிறந்ததன்று. இன்றைய விருதுநகர் மாவட்டத்துக்குள் அடங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்தவரும், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவராகப் பொதுவாகக் கருதப்படுபவருமான பெரியாழ்வார், தம் திருமொழியின் நான்காம் பத்தில் ஆறாம் பதிகம் முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறார். காசு கிடைக்கும், உடுக்கத் துணி கிடைக்கும், உச்சிக்கு எண்ணெயும் நெற்றிக்குச் சுட்டியும் கைக்கு வளையும் கிடைக்கும் என்ற ஆசையில் பிள்ளைகளுக்கு மனிதர் பெயரை இடுவோரை அவர் கடிந்துகொண்டு, கேசவன் என்றும் சிரீதரன் என்றும் அழைக்கச் சொல்கிறார். நாரணன் பெயரைத் தாங்கிய பிள்ளையின் தாய் நரகம் புகமாட்டாள் என்பது பாட்டுக்குப் பாட்டு திரும்பி வரும் உறுதிமொழி. செல்வர் ஒருவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் அவர் மனம் குளிர்ந்து ஏதேனும் தருவார் என்ற கணக்கு அன்றே ஊரில் நடமாடியிருக்கிறது.

இன்று அந்தக் கணக்கு, பிள்ளைக்குப் பதிலாகத் தமக்கே பெயரிட்டுக்கொள்வதில் நடக்கிறது. சமூக ஊடகக் கணக்கின் முகப்பில் ஒருவர் தம்மைப் பற்றி எழுதிவைக்கும் சிறு குறிப்பைப் பயன்படுத்துவோர் ‘பயோ’ என்கிறார்கள். இன்ஸ்டாகிராமில் அதற்கு 150 எழுத்துக்கு மேல் இடமில்லை. விளம்பரம் செய்ய ஆள் தேடும் நிறுவனமோ, ஆள்பிடித்துத் தரும் முகமையோ தேடல் பெட்டியில் எந்தச் சொல்லைத் தட்டினால் இந்தக் கணக்கு மேலே வருமோ அந்தச் சொல்லே கீவேர்டு, அதாவது தேடுசொல். காரியாபட்டி வட்டத்துப் பேரூராட்சியான மல்லாங்கிணற்றில் ஓர் இளைஞர் எண்ணெய் பரோட்டாவையும் கரிசல் காட்டையும் படம் பிடித்துப் போடுகிறார் என்று கொண்டால், அவர் முதலில் ‘மல்லாங்கிணறு’ என்றுதான் எழுதுவார். அச்சொல் இலக்கணக் கணக்கில் 7 எழுத்து. மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடு கணக்கில் 12. அந்தப் பெயரை யாரும் தேடுவதில்லை என்று தெரிந்ததும் அது ‘விருதுநகர்’ ஆகும், பிறகு ‘மதுரை’ ஆகும். பரோட்டா ‘ஃபுட் பிளாகர்’ ஆகும். துணிக்கடைக்காரர்கள்தான் அதிகம் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதும் ‘ஃபேஷன்’, ‘லைஃப்ஸ்டைல்’ என்று இரண்டு சொல் வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசி வரி ‘பெய்டு புரொமோஷனுக்கு டிஎம் செய்யவும்’ என்று முடியும். முதலில் கழன்று விழுந்தது ஊர்ப்பெயர் என்பது கவனிக்கத்தக்கது. (எஸ். ராமகிருஷ்ணனும் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் இது. யாரும் தேடாத அந்தப் பெயரை அவர்கள் எழுதி எழுதியே வாசகர் தேடும் பெயராக்கினார்கள். அது வேறு வழி, நேரம் பிடிக்கும் வழி.)

வந்து சேரும் கூலியின் வகையும் ஆழ்வார் சொன்னதிலிருந்து அதிகம் மாறவில்லை. பின்தொடர்வோர் சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள கணக்குகளுக்குப் பணம் அரிது. ‘பார்ட்டர் கொலாப்’ என்ற பெயரில் பொருள்தான் வரும், அதாவது கூந்தல் தைலமோ சுடிதாரோ கவரிங் வளையலோ அனுப்பி, ஈடாக ஒரு ரீல் கேட்பார்கள். வருமான வரிச் சட்டமும் இதைக் கண்டுகொண்டது: 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 194ஆர் பிரிவு, தொழில் வழியாக ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளோ சலுகையோ பெறுபவரிடம் 10 விழுக்காடு வரியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது, விளம்பரத்துக்காக அனுப்பிய கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டால் அது ஆதாயமில்லை, வைத்துக்கொண்டால் ஆதாயம் என்ற விளக்கமும் வந்தது. எண்ணெயும் துணியும் வளையும் கூலியே என்பதில் பாசுரத்துக்கும் வரிச் சட்டத்துக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எனினும் ஆழ்வாரின் வாதத்துக்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆதாயத்துக்காகப் பெயர் வைக்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நரகம் புகாமை என்ற பெரிய ஆதாயத்தைக் காட்டியே சின்ன ஆதாயத்தைக் கைவிடச் சொல்கிறார். பாகவதத்தில் வரும் அசாமிளன், சாகும் தறுவாயில் நாராயணன் என்ற தன் கடைசி மகனைத்தான் கூப்பிட்டான். கடவுளை நினைத்துக் கூப்பிடவில்லை. ஆயினும் யமதூதர் விலகிப்போனார்கள். பெயரால் பயன் வருவது குற்றமில்லை என்றால், காசுக்கு இட்ட பெயரில் குற்றம் எங்கே இருக்கிறது? பெயரை ஒரு தாய் நாளுக்கு எத்தனை முறை சொல்கிறாள் என்று எண்ணிப் பார்த்தால் விடை தெரியத் தொடங்குகிறது. சோறு ஊட்டவும், திண்ணையிலிருந்து விரட்டவும், மாலையில் தேடவும் அவள் அதே பெயரைக் கூப்பிட்டாக வேண்டும். செல்வரின் பெயராயிருந்தால் ஒவ்வொரு முறையும் வாய் அவர் வாசலைப் பார்த்துத் திரும்புகிறது. பெயர் என்பது ஒரு நாள் ஒட்டிவிட்டுப் போகும் சீட்டன்று, அன்றாடம் செய்யும் பயிற்சி. பயோவில் ‘லைஃப்ஸ்டைல்’ என்று எழுதியவர் அதன்பின் காலையில் எதை உடுத்துவது, எந்தத் தெருவைப் படத்தில் காட்டாமல் விடுவது, வீட்டு ஓட்டுக்கூரை தெரியாமல் எங்கே நின்று பேசுவது என்பதையெல்லாம் அந்தச் சொல்லுக்கு ஏற்பவே தீர்மானிக்கிறார். சொல் அவரைத் தேய்த்துத் தனக்கேற்ற வடிவுக்குக் கொண்டுவருகிறது.

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று பிரிக்கிறது: காரணம் ஏதும் கருதாமல் வழங்கிவருவது இடுகுறிப்பெயர், ஒரு செயலோ பண்போ பற்றி வந்தது காரணப்பெயர். கங்கைகொண்டான் என்ற பட்டத்தில் காரணம் முன்னே நடந்து முடிந்தது, பெயர் பின்னே வந்தது. விருதும் அப்படித்தான்: வீரருக்கு முன் ஏந்திச் செல்லும் வெற்றிக்கொடியை விருது என்பார்கள். 1923இல் விருதுநகர் என்று பெயர் மாற்றப்பட்ட விருதுபட்டியின் பழைய கதையும் அத்தகைய கொடிகளைச் சுற்றியே சொல்லப்படுகிறது. தேடுசொல்லோ காரணம் இனிமேல்தான் வர வேண்டிய காரணப்பெயர். இலக்கண நூல்கள் இதற்கு ஒரு வகை வைக்கவில்லை. வைத்திருக்கத் தேவையும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் எதிர்வாதத்துக்கும் இடம் தர வேண்டும். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் தெய்வத்துக்கு எடுத்த கொடியும், கள்ளுக்கடைக் கொடியும், வாதத்துக்கு வரச் சொல்லிக் கற்றறிந்த ஆசிரியர்கள் உயர்த்திய கொடியும் ஒரே நகரில் பறக்கின்றன. அறிவாளி தம் வீட்டு வாசலில் கொடி கட்டியதை அதைப் பாடிய புலவர் இழிவாக நினைக்கவில்லை. சந்தைக்கு வந்தவர் தம் சரக்கின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கொடிகளின் கீழே கள் இருந்தது, வாதம் செய்யத் தெரிந்த ஆசிரியர் இருந்தார். ‘எண்ணெய் பரோட்டா’ என்று எழுதியவரும் அவ்வகையே. காலி வீட்டின் மேல் கொடி கட்டி, யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சரக்கைத் தீர்மானிப்பவர் வேறு வகை.

சிவகாசிப் பக்கத்தில் இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. 1923இல் தீப்பெட்டித் தொழிலில் தொடங்கி, பட்டாசுக்கும் அச்சுக்கும் பரவிய அந்த ஊரில், பெட்டி மேல் ஒட்டும் லேபிளே ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. அதில் அச்சான அணிலுக்கும் சேவலுக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இடுகுறியாகத் தொடங்கிய அந்தப் படங்கள், வாங்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் ஏமாறாமல் இருந்ததால் காரணப்பெயராக மாறின. அப்படி ஊரார் பலரின் கையும் விபத்தில் போன உயிர்களும் சேர்ந்து சம்பாதித்த ‘சிவகாசி’ என்ற சொல்லை, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, ‘சிவகாசி டைரக்ட்’ என்று தம் பயோவில் சேர்த்துக்கொள்ள எவருக்கும் காசு செலவில்லை. இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23ஆம் நாள் தீர்ப்பில் தடுத்தது. பாதி விலைப் பட்டாசு என்று சமூக ஊடகத்தில் வரும் போலி விளம்பரங்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம் என்று தமிழகக் காவல்துறையின் சைபர் பிரிவும் எச்சரித்திருக்கிறது. ‘சிவகாசி’ என்ற சொல்லால் ஈர்க்கப்பட்டு வரும் விளம்பர வாய்ப்பை ஏற்பவர், தம்முடையதல்லாத ஒரு பெயரின் நம்பிக்கையை வாடகைக்கு விடுகிறார். ஊர்ப்பெயர் பொதுச்சொத்து என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு பொருள்களின் அளவில் ஒப்புக்கொண்டது. ஆட்களின் அளவில் அப்படி ஒரு குறியீடு இல்லை.

சட்டம் இதுவரை பதிவைத்தான் பார்க்கிறது. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021இலும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட நெறிமுறைகள், பணமோ பொருளோ பெற்றுப் போடும் பதிவில் அது விளம்பரம் என்று கண்ணில் படும்படி குறிப்பிடச் சொல்கின்றன. பதிவு ஒரு நிமிடம் ஓடும். பயோ இரவும் பகலும் நிற்கும். விலை பேச வருபவருக்காகவே எழுதப்பட்ட அந்த 150 எழுத்தும் விளம்பரமே என்று குறிப்பிட அதற்கு மேலே இடமில்லை.

பெரியாழ்வாருக்கும் பொன் வந்தது. பாண்டியன் அவையில் தொங்கவிடப்பட்ட பொற்கிழி, திருமாலே பரம்பொருள் என்பதை அவர் நிலைநாட்டியபோது தானே தாழ்ந்து வந்தது என்றும், பட்டர்பிரான் என்ற பட்டம் அங்கே அவருக்குக் கிடைத்தது என்றும் வைணவ மரபு சொல்கிறது. விட்டுசித்தன் என்ற பெயரோடு போனவர் வேறொரு பெயரோடு திரும்பினார். அந்தப் பெயரை அவர் தேடிப் போகவில்லை. அவர் வளர்த்த பெண், தன் பாடல் தொகுதிகளின் முடிவில் ஊரையும் தந்தையின் பட்டத்தையும் தன் பெயரையும் சேர்த்து முத்திரையாக வைத்தாள்: புதுவை (ஸ்ரீவில்லிபுத்தூர்), பட்டர்பிரான், கோதை. மூன்று சொற்கள், அவற்றில் ஊர்ப்பெயர் கழன்று விழவில்லை.