கூலி கொடுத்தால் கேடும் செய்யலாமா?

பெண்களுக்கென அழகு நிலையம் நடத்தும் ஒரு சகோதரி, தம் கணவர் வாயிலாக நம்மிடம் விளக்கம் கேட்டிருந்தார். நிக்காஹுக்கு நான்கு நாட்களே இருந்த மணப்பெண்ணைத் தாயார் அழைத்து வந்தாராம். ஏற்கெனவே வெளுத்துச் சாயமேற்றிய கூந்தலை மருந்திட்டு நேராக்கித் தரக் கேட்டார்களாம். சகோதரி மறுத்தார். "காசு கொடுப்பது நாங்கள், சொன்னதைச் செய்வதுதானே உன் வேலை?" என்று கோபித்துக்கொண்டு அவர்கள் வேறிடம் போய்விட்டார்கள். மணப்பெண்ணின் மனத்தை நோகடித்தது குற்றமாகுமா என்பதே கேள்வி.

முடியை வெளுக்க இடும் ஹைட்ரஜன் பெராக்சைடு இழையின் வலுவைக் குறைக்கிறது. அதன்மேல் காரமான நேராக்கும் மருந்தும் பட்டால் முடி கொத்துக் கொத்தாக முறிந்து விழலாம். முடியிழை உயிரற்றது, காயம் ஆறுவதுபோல் அது ஆறாது. மாதத்திற்கு 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவே வளரும். ஒரு முழக் கூந்தல் போனால் திரும்ப வர மூன்றாண்டுகள் ஆகும்.

"தலை அவளுடையது, கேட்டவளும் அவளே, செய்பவருக்கு என்ன பொறுப்பு?" எனலாம். நம் உடல் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹுத்தஆலா தந்த அமானிதம். அதைக் கெடுக்கும் உரிமை நமக்கே இல்லாதபோது, அந்த உரிமையைப் பிறருக்கு எப்படி வழங்க முடியும்? அனுமதி கொடுத்தவர் பிறகு நஷ்டஈடு கேட்க முடியாமல் போகலாம். மறுமையின் கேள்வி அதனால் நீங்கிவிடாது. பிறருக்குத் தீங்கிழைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது இப்னுமாஜாவில் உள்ளது. ஆலோசனை கேட்கப்படுபவர் நம்பிக்கைக்குரியவராய் இருக்க வேண்டுமென்பது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் காணும் நபிமொழியின் கருத்து. கேட்டவர் அறியாமல் கேட்டார். தொழில் தெரிந்தவர் அறிந்தே செய்தால் அது அமானித மோசடியல்லவா?

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஆகுமான அலங்காரம் தம் ரசனைக்குப் பிடிக்கவில்லை என்று மறுப்பது நலம் நாடுதலாகாது. அது அதிகாரம் செலுத்துதல். கேடு வருமென்று தெரிந்து மறுப்பதே நலம் நாடுதல். அப்போதும் இனிய சொல்லால் காரணத்தை விளக்கி, தீங்கில்லாத வேறு வழியைக் காட்ட வேண்டும். "எண்ணெய் தேய்த்து, பின்னிப் பூச்சூட்டி அழகாக்கித் தருகிறேன்" என்று சொல்லலாமே!

ஒரு நாள் வருமானம் அடுத்த கடைக்குப் போனது உண்மைதான். ஏழைத் தொழிலாளிக்கு அது சிறிய இழப்பன்று. ஆனால் ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ். அவனுக்கு அஞ்சி விட்டது வீணாகாது.

ஆகவே அச்சகோதரி மீது குற்றமில்லை. இன்ஷா அல்லாஹ், நற்கூலி உண்டு. சிந்திக்க வேண்டியவர்கள் நாம்தான். தலையாட்டுகிறவரை நல்லவர் என்கிறோம். "வேண்டாம்" என்பவரைத் திமிர் பிடித்தவர் என்கிறோம். நம் காசை விட்டுக்கொடுத்து நம் நலத்தைக் காத்தவர் யார் என்று எண்ணிப் பார்ப்போமாக!

கொடுப்பதிலும் மறுப்பதிலும் நேர்மையுடையோராக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.