ஈரம், வெள்ளீயம், நாலு கம்பி

தைப்பிங் மழைக்கும் பழைய கிட்டாருக்கும் ஒத்துவராது. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் கொட்டும் ஊர் அது; தீபகற்ப மலேசியாவிலேயே ஈரமான நகரம் என்று பெயர் வாங்கியது. இன்றைக்கு மழை எத்தனை மணிக்கு இறங்கும் என்று பந்தயம் கட்டிய காலமும் உண்டாம். எங்கள் கமுந்திங் அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே. புக்கிட் லாருட் மலையில் முட்டி நிற்கும் மேகம் எங்களுக்கும் பங்கு வைத்துவிட்டுத்தான் போகும்.

இந்தக் காற்றில் ஐம்பது வருடம் கிடந்த பேஸ் கிட்டாரில் முதலில் போவது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் குட்டித் திருகுகள். துரு ஏறி இறுகிவிடும். கம்பியின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அடுத்தது கழுத்து. மரம் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும், மறுபடி குடிக்கும். பெயர்ப்பலகையில் ஃபெண்டர் என்றோ யமஹா என்றோ எழுதியிருப்பதெல்லாம் பிறகு. முதலில் கழுத்து.

*

நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்கின்றன. வாசிக்காத நாளிலும் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு எதிராகக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. ட்ரஸ் ராட் என்பார்கள். அதன் முனையில் உள்ள திருகைக் கால் சுற்று திருப்பினால் போதும், கழுத்து தன் பேச்சை மாற்றிக்கொள்ளும். உடனே மாற்றாது. ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும். பழைய ஃபெண்டர்களில் அந்தத் திருகு கழுத்தின் அடியில், உடலோடு சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, திருப்பி, மறுபடி மாட்டி, சுருதி சேர்த்த பிறகுதான் சரியா தப்பா என்று தெரியும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

கழுத்து வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சாமான் எதுவும் வேண்டாம். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் பிரெட்; தடித்த கம்பியை முதல் பிரெட்டில் ஒரு விரலாலும் கடைசி பிரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்திப் பிடித்தால் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு தாள் நுழையும் அளவு இருந்தால் நல்லது. இறுக்கிக் கட்டிய கம்பியைவிட நேரான அளவுகோல் எந்தக் கடையிலும் கிடையாது. விற்பவர் பேசிக்கொண்டே இருப்பார். காதை அவரிடம் விட்டுவிட்டுக் கண்ணை இங்கே வைத்துக்கொள்ளலாம்.

*

இந்தக் கருவியைச் செய்தவர் ரேடியோ பழுது பார்த்தவர். லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரம், 1951. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கித் திரிந்தவர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் 34 அங்குலக் கம்பி நீளத்தில் ஒன்றைச் செய்து, பிரெட்டும் போட்டுக் கொடுத்தார்; பிரிசிஷன் பேஸ். 1957-இல் அதற்கு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து வைத்தார். 1960-இல் ஜாஸ் பேஸ். இன்றுவரை உலகம் பெரும்பாலும் இந்த இரண்டைச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறது.

கம்பிக்குக் கீழ்ப்பக்கமாக ஒரு சின்னக் கட்டையையும் வைத்தார். விரல்களை அதில் ஊன்றிக்கொண்டு கட்டைவிரலால் மீட்டுவார்கள் என்பது அவர் கணக்கு. பெரும்பாலோர் அப்படி வாசிக்கவில்லை. பிக்கப்பின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு இரண்டு விரல்களால் வாசித்தார்கள். 1974-இல் கட்டை மேல்பக்கம் போயிற்று. வாசிப்பவன் சொன்னதைக் கம்பெனி கேட்க இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பழைய பேஸ்களில் கட்டை கழன்றுபோய் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருக்கும். எனக்கு அந்த ஓட்டைகள் பிடிக்கும்.

*

திறந்து மீட்டினால் தடித்த கம்பியின் அதிர்வு நொடிக்கு 41. ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் இருந்த டிரான்சிஸ்டர் ரேடியோவின் கையகல ஸ்பீக்கரால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. ஆனால் அதன் மடங்குகளான 82, 123, 164 எல்லாம் வெளியே வரும். காது அவற்றைக் கேட்டு, இல்லாத 41-ஐத் தானே கட்டிக்கொள்ளும்.

அப்படிப் பார்த்தால் எங்கள் பெற்றோர் லயத்து வாசலில் கேட்ட பேஸில் பாதி அவர்களே செய்துகொண்டது.

இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸை நான் வெகுகாலம் பேஸ் என்று தெரியாமலே கேட்டிருக்கிறேன். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ கேசட்டை எத்தனை வீடுகள் தேய்த்திருக்கும்! பாடகருக்குக் கீழே இன்னொரு பாட்டு போய்க்கொண்டிருக்கும். வெறுமனே தாளத்துக்கு ஒட்டிப் போகும் பேஸ் அல்ல அது. ஏறும், இறங்கும், பாடகர் மூச்சு விடும் இடத்தில் ஒரு வார்த்தை சொல்லும். பிறகு ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வேறொரு பாஷை பேசினார். இரண்டில் எது உசத்தி என்று காப்பிக் கடையில் சண்டை போடுபவர்களை விட்டு நான் எழுந்து போய்விடுவேன். என் ஓட்டு சசிதரனுக்கு.

உறுமியைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. ஈப்போ கல்லுமலையில் தைப்பூசத்தன்று அந்த இழுத்த முழக்கம் வயிற்றில் வந்து நிற்கும். கீழ்ச்சத்தத்தை நெஞ்சுக்கூட்டில் வாங்கிக்கொள்ள யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

*

பழைய ஃபெண்டர் வாங்குபவர்கள் கண்ட்ரோல் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வால்யூம் திருகின் முதுகில் ஓர் எண் குத்தியிருக்கும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ். கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அதற்கடுத்து வருடம், அதற்கடுத்து வாரம். 1376633 என்றால் 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரம். அதிலும் ஒரு சிக்கல்: 1966-இல் ஃபெண்டர் ஏராளமாக வாங்கிப் போட்டுவிட்டதால், அதற்குப் பிறகு பல வருடம் அதே தேதி போட்ட திருகுகளே பேஸ்களுக்குள் போயின. எண் சொல்வது, அந்தப் பேஸ் அதற்கு முன்னால் பிறக்கவில்லை என்பதை மட்டும்தான்.

அடுத்து ஈயம் வைத்த புள்ளிகளைப் பார்ப்பார்கள். யாரும் சூடு காட்டாத, தொழிற்சாலையில் வைத்த அதே பளபளப்பா? ஆம் என்றால் விலை ஏறும். 1965 ஜனவரியில் சி.பி.எஸ். நிறுவனம் ஃபெண்டரை வாங்கிற்று. அதற்கு முந்தியது, எதுவும் மாற்றாதது என்றால் ஒரு புது மைவி காரின் விலையைத் தாண்டிப் போகும். யாரோ ஒருமுறை சூட்டுக்கோல் வைத்திருந்தால் போச்சு.

நான் நினைத்துக்கொள்வது வேறு. அன்று மின்கருவிகளில் வைத்த ஈயப்பற்றில் வழக்கமான கலவை 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். 1962-இல் உலகிலேயே அதிகம் வெள்ளீயம் எடுத்த நாடு மலாயா. அந்தத் தொழில் பெரிதாகத் தொடங்கிய இடங்களில் ஒன்று இந்த லாருட் மண். 1840-களில் லோங் ஜஃபார் இங்கே சுரங்கம் வெட்டினார். கமுந்திங்குக்கு அன்று கிளியான் பாரு என்று பெயர். சுரங்கத்தில் இறங்கிய சீனர்களில் கீ ஹின் சங்கத்தார் இங்கே, ஹாய் சான் சங்கத்தார் தைப்பிங்கில். 1861 முதல் 1874 வரை வெட்டிக்கொண்டார்கள். வெள்ளீயத்தைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு நாட்டின் முதல் ரயில் பாதை. அதைப் போட வந்தவர்கள் சிலோன்காரர்கள். 1985 அக்டோபரில் விலை விழுந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. குளங்கள் மிஞ்சின, அவற்றில் இப்போது தூண்டில் போடுகிறார்கள்.

ஒரு பேஸின் உள்ளே மிளகளவு ஈயப்புள்ளிக்கு ஆயிரக்கணக்கான மலேசிய வெள்ளி கூடக் கொடுப்பதைப் பற்றி இந்த ஊரில் உட்கார்ந்து யோசிப்பது விசித்திரமாக இருக்கிறது. இங்கே அது மண்ணோடு கிடந்தது.

*

எங்கள் பக்கம் உண்மையில் கிடைக்கும் பழைய பேஸ் ஜப்பானியது. மட்சுமோட்டோ நகரத்தில் ஃபுஜிகென், மட்சுமோக்கு தொழிற்சாலைகள் 1970-களில் செய்து தள்ளியவை. 1982-க்குப் பிறகு ஃபெண்டரே ஜப்பானில் செய்யவைத்தவை. ஜப்பானில் வீடு ஒழிக்கும்போது விற்ற சாமான்கள் கண்டெய்னரில் வந்து இறங்குகின்றன. தட்டு, நாற்காலி, மீன்பிடித் தூண்டில்களுக்கு நடுவே ஒரு பேஸ் கழுத்து நீட்டிக்கொண்டிருக்கும். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் எப்போதாவது மாட்டும். நல்லது சில ஆயிரம் வெள்ளிக்குள் முடியும். கூடவே வரும் ஜப்பான் ஆம்ப்ளிஃபயரை மட்டும் அப்படியே செருகக் கூடாது. அது 100 வோல்ட், நம் வீட்டுச் சுவர் 230.

விற்பவர்கள் இவற்றை எல்லாம் ‘வழக்குக் காலத்து’ பேஸ் என்று சொல்லி விலை ஏற்றுகிறார்கள். 1977-இல் வழக்குப் போட்டது கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின். ஐபனெஸ் கிட்டார்களின் தலைப்பகுதி வடிவத்துக்காக. ஜாஸ் பேஸ் நகலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னால் சிரிப்பார்கள், விலையை மட்டும் குறைக்க மாட்டார்கள்.

ஜப்பான் பேஸ்களின் பாலியெஸ்டர் பூச்சு தடிமன். அமெரிக்கப் பழசுகளின் நைட்ரோ பூச்சு மெல்லியது, அழகாக வெடிக்கும் என்று கொண்டாடுவார்கள். ஆனால் நைட்ரோ பூசியதை ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்து வைத்தால் பட்ட இடம் இளகி ஒட்டிக்கொள்ளும். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம் சீவிய ஊருக்கு எது தோது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

*

மூன்று பெரிய பேஸ்கள் திருடு போயிருக்கின்றன. மோடவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷன், 1983-இல் அவர் சாவதற்குச் சற்று முன்; திரும்பவே இல்லை. ஜாக்கோ பாஸ்டோரியஸின் பிரெட் பிடுங்கிய ஜாஸ் பேஸ், 1986. இருபது வருடம் கழித்து வெளிப்பட்டது. பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர், 1972. 2024-இல் அவர் கைக்கு வந்தாயிற்று என்று செய்தி. மூன்றுமே கைபட்டுத் தேய்ந்தவை. ஜாக்கோவுடையது உடைந்து நொறுங்கி ஒட்டவைக்கப்பட்டது. ஒட்டுப் போட்டது என்று யாரும் அதை விலை குறைத்துக் கேட்கவில்லை. பெயருள்ளவன் செய்த ரிப்பேர் சரித்திரம். பெயரில்லாதவன் செய்தால் குறை.

*

என்னிடம் உள்ள பேஸ், கமுந்திங்கில் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரிடமிருந்து வந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்தவர். 70-களின் ஜப்பான் ஜாஸ் பேஸ் நகல். கனம் அநியாயம்.

“அப்பல்லாம் டியூனர் ஏது தம்பி. கீபோர்டுக்காரன் ஒரு சத்தம் குடுப்பான், அதுல சேத்துக்குவோம்” என்றார்.

“வால்யூம் மாத்தியிருக்கே அண்ணே?”

“மேடையில பேச்சு நின்னுபோச்சு. மறுநாள் ரேடியோக் கடையில வாங்கிப் போட்டேன். அதுக்கப்புறம் அது நின்னதே இல்ல.”

ஃபெண்டர் வைப்பது 250 கிலோ ஓம். ரேடியோக் கடைத் திருகு 500. மேல்ஸ்தாயி கொஞ்சம் தூக்கலாகக் கேட்கிறது. மாற்ற மனம் வரவில்லை. கழுத்தில் தடித்த கம்பிகளுக்குக் கீழே மூன்றாவது, ஐந்தாவது பிரெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது; ஆனால் ஒன்பது, பத்து வரையும் தேய்மானம் போகிறது. ராஜா பாட்டுதான் வாசித்திருக்கிறார், கேட்கவே வேண்டாம்.

*

ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். இரண்டின் சுருள்களும் எதிர் எதிர்த் திசையில் சுற்றியவை. இரண்டு வால்யூமையும் முழுக்கத் திறந்தால் மின்சாரத்தின் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் எழும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. தடித்த கம்பியின் மூன்றாவது பிரெட், அதாவது ஜி, 49. இரண்டும் கலந்தால் நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு இதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் இருப்பவர்களுக்கு இது வாசிப்பாகத் தெரிவதில்லை.

*

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் இந்தப் பேஸை வாங்கப் படம் கேட்டார். அனுப்பினேன். உள்ளே திறந்து எடுங்கள் என்றார். எடுத்து அனுப்பினேன். திருகு மாற்றியிருக்கிறதே, சூட்டுக்கோல் பட்டிருக்கிறதே என்று பாதி விலை சொன்னார். வேண்டாம் என்றேன், மரியாதையாகத்தான்.

சனிக்கிழமை தைப்பிங்கில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுப் பட்டியலில் பாதிக்கு மேல் ஜி-யில் தொடங்குகிறது. மண்டபத்தாரிடம் எர்த் கம்பியை முதலில் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.