அரை மணி நேரம் எங்கே போனது?

நிறுத்து!

"எனக்கெல்லாம் இது வராதுண்ணே" என்று சொல்ல வாயெடுத்தாயே, அதை அப்படியே விழுங்கு.

எது வராது? எத்தனை தடவை செய்து பார்த்தாய்? விரல் விட்டு எண்ணிச் சொல்.

ஒரு விரல்கூட மடங்கவில்லையே!

உன் கதை எனக்குத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியோ, கிள்ளான் தாமானின் கடைசி வீடோ, ராத்திரி பதினொரு மணிக்குக் கணினியைத் திறக்கிறாய். ஃப்ளைட் சிமுலேட்டரில் ஏறிப் பறக்கிறாய். மனசுக்குள் ஓர் ஆசை.

1978-ஆம் ஆண்டின் சுபாங் விமான நிலையத்தைத் திரையில் உயிரோடு எழுப்ப வேண்டும். அன்று மலேசியாவின் மாஸ் விமானம் காலையில் எந்த நிமிடம் பினாங்குக்குக் கிளம்பியதோ, அந்த நிமிடம் உன் திரையிலும் அது கிளம்ப வேண்டும்.

ஆசை வந்து மூன்று வருடம். ஒரு வரி எழுதினாயா?

"நல்ல கணினி இல்லை."

பொய்! 2003-ல் வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், இன்று யாரும் சீண்டாத பழைய கணினியிலும் ஓடும். விமானங்களின் பயணத் திட்டத்தை எழுத நோட்பேட் போதும். அதைச் சிமுலேட்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவியும் இலவசம்.

"பழைய அட்டவணைக்கு நான் எங்கே போவேன்?"

போ! பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வாரக் கடைசியில் பழம்பொருள் சந்தை கூடுகிறது. குனிந்து தேடு. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. விளம்பரப் பக்கங்களைப் புரட்டு. மாமாக் கடையில் தே தாரிக்கோடு நீ தொலைக்கும் இரண்டு மணி நேரம் இதற்குப் போதாதா?

"பைலட் படிப்பு படிக்கலையே."

யார் கேட்டார்கள்? கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும். தமிழ்ப்பள்ளியிலேயே அதைப் படித்துவிட்டாய்!

"நம்ம ஆளுங்க யாரும் இதெல்லாம் செய்யறதில்லை."

எனக்குக் கோபம் தலைக்கேறுவது இந்தச் சாக்கில்தான்.

நீ நடக்கிற மண் எது? 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பின்னால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊராகவே ஆனது. தண்டவாளத்தில் வியர்வை சிந்தியவர்கள் தமிழர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் நாற்காலியிலும் குமாஸ்தா மேசையிலும் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் யாழ்ப்பாணத்துக்காரர்கள்!

நேர அட்டவணையைக் காப்பாற்றிச் சம்பளம் வாங்கிய பரம்பரையப்பா உன்னுடையது. அட்டவணை உனக்கு அந்நியமா?

சரி, உண்மையான பயம் எது? நான் சொல்கிறேன். யாராவது சிரிப்பார்கள். "இதனால என்ன காசு வரும்?" என்று சித்தப்பா கேட்பார். அவ்வளவுதானே? கேட்கட்டும்! அவர் வார இறுதியில் மீன் பிடிக்கப் போகிறாரே, எத்தனை கிலோ கொண்டுவந்தார் என்று நீ என்றாவது கேட்டிருக்கிறாயா?

தோற்றுவிடுவோம் என்று பயமா? அப்படியானால் உட்கார். நான் தோற்ற கதையைக் கேள்.

சந்தையில் எட்டு வெள்ளிக்கு வாங்கிய, மூலை மடங்கிய அட்டவணை. எழுபதுகளின் கடைசி. மூன்று வாரம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து வரி வரியாகத் தட்டினேன்.

சிமுலேட்டருக்கு நேரத்தை உலகப் பொது நேரத்தில் கொடுக்க வேண்டும். மலேசிய நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்தால் வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. கழித்தேன். கழித்துக்கொண்டே போனேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஒரு வரி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது!

கோலாலம்பூரிலிருந்து கூச்சிங் போக ஒரு நேரம். அதே ரக விமானம் கூச்சிங்கிலிருந்து திரும்பிவர, அதைவிட ஒரு மணி நேரம் குறைவு. ஒரு முழு மணி நேரம்!

காற்றா? அவ்வளவு குறுகிய பயணத்தில் எந்தக் காற்று ஒரு மணி நேரம் தள்ளும்? அச்சுப் பிழையா? கோத்தா கினபாலு வரியைப் பார்த்தேன். அங்கேயும் அதே ஒரு மணி நேரம்.

புத்தகத்தை மூடினேன். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. "நமக்கு வராது" என்று நானும் சொன்னேன். உன் வாயில் வந்த அதே வார்த்தை! அதனால்தான் அதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிறகு ஒருநாள், சமையல் பேச்சுக்கு நடுவில் அம்மா சொன்னார்: "ஒரு வருஷப் பொறப்புக்கு எல்லாரும் கடியாரத்த அரை மணி முன்னால தள்ளி வச்சோமே, ஞாபகம் இருக்கா? நீ எங்க, அப்ப பொறக்கவே இல்ல."

சுருக்கென்றது!

1982 ஜனவரி 1. அதற்கு முன்பு தீபகற்ப மலேசியாவின் நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஏழரை மணிதான் முன்னால் இருந்தது. சபாவும் சரவாக்கும் எட்டு மணி முன்னால். ஒரே நாட்டில் இரண்டு நேரம்! மகாதீர் பிரதமரான சில மாதங்களில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11:30-ஐத் தொட்ட கடிகாரம் நேராக 12-க்குத் தாவியது. சிங்கப்பூரும் கூடவே தாவியது.

இப்போது அந்த வரியைப் பார். கூச்சிங் போகும்போது கடிகாரத்தில் அரை மணி கூடுகிறது. திரும்பும்போது அரை மணி குறைகிறது. போக்குக்கும் வரத்துக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம். அட்டவணை சரி. அச்சு சரி. நான்தான் தப்பு!

மூன்று வாரம் நான் உழைத்த உழைப்பில், சுபாங்கிலிருந்து கிளம்பிய ஒவ்வொரு விமானமும் அரை மணி முன்னதாகவே கிளம்பியிருக்கிறது.

விடை எங்கே இருந்தது? என்னைக் கேலி செய்த அதே வரியில்! இரண்டு மாதமாக அலமாரியில் அது காத்துக் கிடந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டவன் நான்.

திரும்ப உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து. எட்டை அழித்தேன், ஏழரை போட்டேன். திங்கட்கிழமை காலை 6:30-க்குக் கிளம்பும் விமானம், பொது நேரத்தில் ஞாயிறு இரவு 11 மணி. ஆக, கிழமையையும் ஒரு நாள் பின்னால் தள்ள வேண்டும். முதல் தடவை அதையும் கோட்டை விட்டிருந்தேன். சிரிக்கிறாயா? சிரி. நீ இன்னும் கோட்டை விடுகிற அளவுக்குக்கூட வரவில்லை!

அதோடு முடிந்ததா? அட்டவணையில் சிங்கப்பூர் என்று இருந்தால் கை தானாகச் சாங்கிக்குப் போகும். சாங்கி 1981 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன் பாயா லேபார். கோலாலம்பூர் என்றால் சிப்பாங் இல்லை. 1998 ஜூன் கடைசி வரை சுபாங். 1965 ஆகஸ்டுக்கு முந்தைய அட்டவணை கிடைத்தால் சுங்கை பீசி. அந்தச் சுபாங்கின் முதல் முனையத்தையே 2003-ல் இடித்துவிட்டார்கள். உன் திரையை விட்டால் அதற்கு வேறு இடம் ஏது?

அடுத்தது பெரிய மலை. எந்த விமானம் எதைப் பறந்தது?

அட்டவணை பயணிக்காக அச்சடித்தது. பயண எண், கிழமை, நேரம், விமான ரகம். அதோடு சரி. காலையில் பினாங்கு போன அதே 737 மத்தியானம் சிங்கப்பூர் போனதா, கோத்தா பாரு போனதா? ராத்திரி எங்கே தூங்கியது? ஒரு எழுத்தும் இருக்காது.

நீதான் கோக்க வேண்டும். இறங்கிய இடத்திலிருந்துதான் ஏற முடியும். நடுவில் ஆள் இறங்கி ஏற நேரம் விட வேண்டும். வாரக் கடைசியில் அந்த விமானம் முதலில் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். வட்டம் மூடாவிட்டால் மொத்தமும் பாழ். பென்சிலால் எழுது, அழி, எழுது. ஒரு விமானத்தின் ஒரு வாரத்தைக் கோக்க எனக்கு நான்கு இரவு ஆனது. நான்காவது இரவு அது மூடிக்கொண்டபோது வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சமையலறைக்குப் போய்த் தனியாகக் கை தட்டினேன்!

கையில் ஒன்றுமில்லை என்கிறாயா? 1972 அக்டோபரில் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது, தலைமையகம் இருந்தது சிங்கப்பூரில். ஏழு போயிங் 707-களும் அந்தப் பக்கமே போயின. வெளிநாட்டுத் தடங்களில் பெரும்பாலானவையும் அங்கேதான். இந்தப் பக்கம், மாஸுக்கு, உள்நாட்டுத் தடங்களும் சின்ன விமானங்களும். அழுதுகொண்டா இருந்தார்கள்? பத்தே வருடத்தில், 1982-ல், மாஸ் பெயர் தாங்கி 747 பறந்தது!

முதல் அடியே சறுக்கிவிட்டது என்கிறாயா? கான்கார்டைக் கேள். 1977 டிசம்பரில் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. மூன்று தடவை போய்வந்ததோடு நின்றது, மலேசியா தன் வானில் ஒலியை மிஞ்சும் வேகத்துக்கு அனுமதி தராததால். 1979 ஜனவரியில் மறுபடி வந்தது! 1980-ல் அந்தத் தடம் ஒரேயடியாக நின்றுபோனதும் உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் மூன்று பயணத்தில் முடிந்த கதை என்று எல்லோரும் நினைத்தபின் திரும்பி வந்ததே! நீ எதிலிருந்து திரும்பி வந்திருக்கிறாய்?

இன்னொன்று. திரையில் ஓடும் கடிகாரம் இன்றைய மலேசிய நேரத்தைத்தான் காட்டும். பத்து மணி விமானம் பத்தரைக்குக் கிளம்புவது போலத் தெரியும். பதறாதே, திருத்தப் போகாதே. உன் கணக்குச் சரி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாசார் மாலாமில் பதினைந்து வெள்ளிக்கு ஒரு மேசைக் கடிகாரம் வாங்கி, அரை மணி பின்னால் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஓடலையா இது?" என்று கையை நீட்டுவார்கள். தொடவிட மாட்டேன்.

அதில் இப்போது மணி 6:28. திங்கட்கிழமை. சுபாங்கில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் முதல் 737 கிளம்பும்.

உன் அட்டவணையில் முதல் வரி எது? படி. சத்தமாகப் படி!