பிடிபடக்கூடிய பொய்

வான்கோழியைத் தமிழ் வாசகன் போலி செய்த பறவையாகவே அறிவான். மயிலைப் பார்த்துத் தன் சிறகை விரித்த அதன் அசட்டுத்தனத்தை மூதுரை அவனுக்குப் பள்ளி வயதிலேயே சொல்லி வைத்துவிட்டது. அமெரிக்கக் காடுகளில் இந்த உறவு தலைகீழாகிறது. அங்கே போலி செய்கிறவன் மனிதன், ஏமாறுவது பறவை.

கருவி எளிமையானது. மெல்லிய பக்கப் பலகைகள் கொண்ட நீள்வாட்டான ஒரு மரப்பெட்டி. ஒரு முனையில் திருகாணியால் பொருத்திய மூடி. மூடியின் அடிப்புறத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பலகையின் விளிம்பில் உரசினால் பெட்டைக்கோழியின் குரல் எழுகிறது. மரம் மரத்தைப் பற்றி, விட்டு, மறுபடி பற்றும்போது உண்டாகும் அதிர்வு அது. வயலின் வில்லிலும் நடப்பது அதுதான். 1897இல் ஆர்கன்ஸா மாநிலத்து ஹென்றி கிப்ஸன் இத்தகைய பெட்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1940களில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்து லிஞ்ச் தம் பெட்டியை ‘ஃபூல் புரூஃப்’ என்ற பெயரில் விற்றார். எந்த முட்டாள் கையிலும் தவறாதது என்று பொருள். தென் கரோலினாவின் கிரீன்வுட் ஊர்க்காரரான நீல் காஸ்ட், துடுப்பைப் போல் நீண்ட பிடியுள்ள பெட்டிகளைச் செய்து பெயர் பெற்றவர், 2002இல் காலமானார். இத்தொழிலின் ஸ்ட்ராடிவாரியஸ் என்று அவரைச் சொல்வார்கள்.

இனப்பெருக்கக் காலத்தில் சேவல் கூவும். பெட்டை அதைத் தேடிப் போகும். இது இயற்கையின் ஒழுங்கு. வேட்டைக்காரன் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து பெட்டையின் குரலை எழுப்புகிறான். சேவலை அதன் வழக்கத்துக்கு மாறாகத் தன்னை நோக்கி நடந்துவரச் செய்கிறான். ஆசையின் குரலில் சாவு அழைக்கிறது. பெட்டியைச் செய்தவனுக்கு இதில் என்ன பங்கு?

கத்தி செய்தவன் கொலைகாரன் ஆவானா என்று உடனே கேட்கப்படும். கத்திக்கு வேறு வேலைகள் உண்டு. இந்தப் பெட்டி உண்மை பேசும் சந்தர்ப்பம் எதுவும் இல்லை. கேமராவுடன் போகிறவன் உரசினாலும் அது சொல்வது பொய்தான்.

இன்னொரு பதில் கனமானது. 1930களில் அழிவின் விளிம்பில் இருந்த இப்பறவை 1973இல் சுமார் 13 லட்சமாகவும், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 60 லட்சத்துக்கு மேலாகவும் பெருகியது. இதற்கான பணமும் உழைப்பும் பெருமளவு வேட்டைக்காரர்களிடமிருந்தே வந்தன. தானியத்தைத் தூவி வரவழைத்து, வலை வீசிப் பிடித்து, பறவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதுவும் ஏமாற்றுத்தான், ஆனால் காப்பாற்றிய ஏமாற்று. ஆகவே ஏமாற்றுதல் என்ற ஒன்றை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இனம் பிழைத்தது என்ற கணக்கைக் குரல் கேட்டு வந்து விழுந்த அந்த ஒரு சேவலிடம் காட்டவும் முடியாது. இனத்துக்குச் செய்த நன்மை தனி உயிருக்குச் சொல்லும் சமாதானமாகாது.

இங்கே அந்நாட்டுச் சட்டத்தில் உள்ள ஒரு விசித்திரம் நமக்கு உதவுகிறது. உண்மையான பெட்டையின் குரலை ஒலிப்பதிவு செய்து, மின்கருவியில் ஒலிக்கவிட்டு வான்கோழியை வேட்டையாடுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம். மரத்தில் எழும் பொய்க்குரலுக்கு அனுமதி உண்டு. அசலுக்குத் தடை, போலிக்கு அனுமதி! சட்டம் செய்தவர்கள் பறவையைவிட விளையாட்டின் மானத்தையே எண்ணியிருக்கலாம். இருந்தும், தம்மை அறியாமல் ஒரு தார்மீக உண்மையைத் தொட்டுவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

கை பிசகும். ஒரு உரசல் கூடிப் போகும், இடைவெளி குறைந்துவிடும், நனைந்த மரம் ஊமையாகும். இரண்டு மூன்று வசந்தங்களைக் கடந்துவந்த சேவல் சற்று நின்று, கேட்டு, சந்தேகித்து, திரும்பிப் போய்விடும். கையால் சொன்ன பொய்யில் கேட்பவன் தப்பிக்க ஒரு இடைவெளி இருக்கிறது. ஏமாற்றில் நியாயம் என்று ஒன்று இருக்குமானால் அது இந்த இடைவெளிதான். இயந்திரம் இதை அடைத்துவிடுகிறது. எதிராளியின் விவேகத்துக்கு வேலையே இல்லாமல் செய்யும் பொய், பொய் என்ற நிலையைக் கடந்து பலாத்காரமாகிவிடுகிறது.

அப்படியானால் கைவினைஞனின் நிலை சங்கடமானது. ஒவ்வொரு சீவலிலும் அவன் அசலை நெருங்குகிறான். அந்த இடைவெளியைச் சுருக்குகிறான். அவன் லட்சியம் முழுமையாக நிறைவேறும் நாளில், தடை செய்யப்பட்ட இயந்திரத்துக்கும் அவன் பெட்டிக்கும் வித்தியாசம் இராது. லிஞ்சின் பெயர்ப்பலகை வாக்களித்தது அந்த நாளைத்தான். நல்லவேளையாக மரம் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. திறமை அவனை மன்னிப்பதில்லை. அவன் பொறுப்பை அதிகமாக்குகிறது.

இன்று காஸ்டின் பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைக்கிறார்கள். பயனிலிருந்து விடுபட்டுக் கலையாகிவிட்டது என்று சிலர் மகிழலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க ஆளில்லாத பொய் குற்றமற்றதாக இருக்கலாம். குற்றமின்மை கலை ஆகாது. காட்டில் அந்தப் பெட்டிக்கு ஒரு பரீட்சகன் இருந்தான். தன் உயிரைப் பணயம் வைத்துக் கேட்டவன் அவன். பேழைக்கு வெளியே நின்று ரசிக்கும் நாம் எதைப் பணயம் வைத்திருக்கிறோம்?