முற்பணமும் உயிரும்

உயிர் ஊசலாடும் நிலையில் வந்தடைந்தானொருவனை நோக்கி, "முதலிற் பணத்தைக் கட்டுக, பின்னர்ப் பார்ப்போம்" என்று வைத்தியசாலையார் கூறுதல் அறமாகுமா? இவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கண்டிக்கும் குருநாகலுக்கும் இடையே பெருவழியில் உள்ளது கலகெதர என்னும் ஊர். ஆங்கு நள்ளிரவில் ஒருவர்க்கு மாரடைப்பு உண்டாயிற்று என வைத்துக்கொள்வோம். 1990 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வாயிலாக அறிவித்தால், 2016 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சுவசெரிய நோயாளர் வண்டி கூலியின்றி வரும். அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றால், 1951 முதல் இந்நாட்டில் நிலவும் முறைப்படி கட்டணமின்றிச் சிகிச்சை கிடைக்கும். (1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கும் வழக்கம் புகுந்தது, அதுவும் 1977 இல் ஒழிந்தது.) ஆயின் உறவினர் பதற்றத்தால் கண்டி நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றை நாட, அங்கே வாயிலில் முற்பணம் கேட்கப்படுமாயின், அக்கேள்வி நியாயமானதா?

விலை என்பது இருவர் உடன்பாட்டால் நிற்பது. கடைக்காரன் சொல்லும் விலை மிகுதியென்று தோன்றின் வாங்குவோன் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்காது வீட்டுக்குந் திரும்பலாம். மூச்சு முட்டிக் கிடப்பவன் எங்கே திரும்புவான்? வேண்டாமென்று மறுக்க இயலாதவனிடத்தே கேட்கும் பணத்தை விலை என்பதினும், அவன் உயிரைப் பிணையாகப் பிடித்து வாங்கும் பொருள் என்பதே பொருந்தும். வைத்தியர் ஊதியம் பெறுதல் குற்றமன்று. அவர்க்கும் மனையுண்டு, மக்களுண்டு. பிராணவாயுவும் மருந்தும் இலவசமாக வருவனவுமல்ல. குற்றம் பணத்திலன்று, அதனைக் கேட்கும் முறையில் உளது. சிகிச்சைக்குப் பின் நிற்கும் கடனைத் தவணையாகப் பெறலாம், நியாயஸ்தலத்தில் வழக்கிட்டும் பெறலாம். போன உயிரை எந்த நியாயஸ்தலம் மீட்டுத்தரும்? மீளும் இழப்பையும் மீளா இழப்பையும் ஒரே தராசில் வைத்தல் அறிவுடைமையாகாது.

இதற்கொரு தடை நிகழ்த்துவாருமுளர். "எல்லாரும் பின்னர்த் தருவோம் என்று சொல்லி ஓடிப்போவாராயின் வைத்தியசாலை மூடப்படும், அடுத்து வருபவன் அதனாலேயே இறப்பான்" என்பர். இத்தடையை நாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். இராஜஸ்தானத்துச் சட்டசபை 2023 மார்ச்சு 21 இல் சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, அவசர நிலையிலுள்ளோர்க்கு முற்பணமின்றிச் சிகிச்சை அளித்தல் வேண்டும் என விதித்தது. தனியார் வைத்தியர்கள் திரண்டெழுந்து வேலை நிறுத்தஞ் செய்தனர். எது அவசரம் என்பது வரையறுக்கப்படவில்லை, செலவை ஈடுசெய்வது யார், எப்போது என்பதும் தெளிவாகவில்லை என்பன அவர் முறையீடுகள். ஏப்ரில் 4 இல் அரசாங்கம் உடன்பாட்டுக்கு வந்து, 50 கட்டில்களுக்குக் குறைந்த தனியார் வைத்தியசாலைகளையும், அரசினரிடம் நிலமோ சலுகையோ பெறாதவற்றையும் சட்டத்தின் எல்லைக்கு வெளியே விட்டது. வைத்தியர் தெருவில் இறங்கியதை நாம் மெச்சவில்லை. நோயாளியின் அவசரம் அவர்தம் வழக்குத் தீருமளவும் காத்திராது. ஆயினும் அவர் கேட்ட கேள்வி மெய்யான கேள்வியே.

கண்ணப்ப நாயனார் தம் கண்ணை இடந்து அப்பியதை யாவரும் அறிவர். அதற்கு முன் அவர் செய்ததை நம்மவர் அத்துணை நினைப்பதில்லை. இறைவன் கண்ணிற் குருதி கண்டவுடன் காட்டுக்கு ஓடிப் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார். கண்ணை ஈதல் எல்லார்க்கும் விதியாகாது. பச்சிலைக்கு ஓடுதல் அருகில் நின்ற எவர்க்கும் விதியாகும். அருகிலிருப்பவன் கடமை ஓடுதல். ஓடுதற்கு ஆகுஞ் செலவு முழுவதையும் அவன் ஒருவன் தலையிலே சுமத்துதல் மட்டும் நியாயமன்று.

அங்ஙனமாயின் யார் சுமப்பது? காஞ்சிபுரத்துக்கு அணித்தான திருமுக்கூடலில், 11 ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அது 15 கட்டில்கள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. வைத்தியர், சல்லியக்கிரியை செய்வார், பணிப்பெண்டிர், மருந்து கொணர்வார் முதலியோர்க்கு நெல்லும் காசும் இத்துணை என்று அதில் வரையப்பட்டுள்ளது. அச்சாலை ஊரார் அனைவர்க்குமன்று, கல்விபயில் மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்குமே அமைந்தது. அது நிற்க, நாம் கருதுவது மற்றொன்று. அங்கும் பணம் முன்னரே வைக்கப்பட்டது, வைத்தவன் நோயாளியல்லன். நோய் வருமுன்னரே கொடையால் வைக்கப்பட்டது. ஆதலின் முற்பணம் வேண்டும் என்னும் வைத்தியசாலையாரின் கூற்றில் ஒரு பாதி உண்மையே. அதனை ஊரார் கூடி முன்னரே வைத்தல் வேண்டும், விழுந்து கிடப்பவன் வைத்தல் கூடாது என்பதே நாம் சேர்க்கும் மறுபாதி.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 இல் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற திட்டம் இம்முறையினது. வீதி விபத்தில் அடிபட்டவர் எந்நாட்டவராயினும், முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைக்கு, தொடக்கத்தில் 1 இலட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள தனியார் வைத்தியசாலைகளுக்கும் அரசே பணஞ் செலுத்தும். வைத்தியர்க்கு ஐயமில்லை, அடிபட்டவர்க்கும் வாயிலிற் கேள்வியில்லை.

நம் நாட்டில் வரியால் நடக்கும் வைத்தியசாலை உண்டே, நமக்கென்ன குறை என்று சிலர் எண்ணலாம். 2022 மார்ச்சு மாத இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டினாற் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலே, நாள் குறித்துச் செய்யும் சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. இருந்த மருந்து அவசர நோயாளர்க்கென வைக்கப்பட்டது. வைத்தியர் வகுத்த அவ்வரிசை சரியானதே. ஆயின் அந்நாட்களில் நாடெங்கும் பல அரசினர் வைத்தியசாலைகளில், "இம்மருந்தை வெளியே வாங்கி வருக" என்று உறவினர் கையிற் சீட்டுக் கொடுக்கப்பட்டது. அச்சீட்டும் வேறு பெயர் பூண்ட முற்பணமே. அதனை எழுதிய வைத்தியரை நோவதிற் பயனில்லை. மருந்தறையை நிரப்பி வைத்திருக்க வேண்டியவர் அவரல்லர்.