513 பேரின் பதில்

1858இல் நியூயார்க்கில் ஒரு தடித்த புத்தகம் வெளியானது. எழுதியவர் வில்லியம் சேங்கர், பிளாக்வெல் தீவு மருத்துவமனையின் மருத்துவர். நகரத்தில் பாலியல் தொழிலில் இருந்த 2,000 பெண்களிடம் ஒரே கேள்விப் பட்டியலை வைத்து விவரம் சேகரித்திருந்தார். அதில் ஒரு கேள்வி: இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தாய்?

525 பேர் வறுமை என்றார்கள். 513 பேர் விருப்பம் என்றார்கள்.

வறுமை என்ற பதில் நம்மைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. "பாவம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்த 513தான் உறுத்துகிறது. "பார்த்தீங்களா, விரும்பித்தானே வந்தாங்க" என்பவருக்கு இது ஆதாரம். சேங்கருக்கோ இதை அப்படியே ஏற்க முடியவில்லை. விருப்பத்துக்குப் பின்னால் வேறு காரணங்களைத் தேடினார். முதலாமவர் பதிலை வைத்துத் தீர்ப்பு எழுதுகிறார். இரண்டாமவர் பதிலை மாற்றி எழுதுகிறார். சொன்ன பெண்ணை இருவருமே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே புத்தகத்தின் வேறு அட்டவணைகளையும் பாருங்கள். அந்த 2,000 பேரில் 933 பேர் முன்பு வீட்டு வேலை செய்தவர்கள். 534 பேரின் முந்தைய சம்பளம் வாரத்துக்கு ஒரு டாலர். வீட்டு வேலை என்றால் சாப்பாடும் படுக்க இடமும் கிடைக்கும், உண்மைதான். ஆனால் வேலை போகிற அன்றைக்கே அந்த இரண்டும் போய்விடும். பெண்களின் கூலி போதாது என்பதை சேங்கரே கண்டித்து எழுதினார்.

நான் பொறியாளர். இயந்திரம் பழுதானால் எங்களுக்கு ஒரு படிவம் உண்டு. அதில் 'மூலக் காரணம்' என்று ஒரு சின்னக் கட்டம். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் கோப்பு சீக்கிரம் மூடிவிடும். ஏன் அந்த ஆபரேட்டர் பன்னிரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார் என்று எழுத அங்கே இடம் கிடையாது. சேங்கரின் பட்டியலிலும் காரணம் என்பது பெண்ணுக்குள்ளேயே தேடப்பட்டது. கேள்வி கேட்டுப் பதிலைக் குறித்துக்கொண்டவர்கள் போலீஸ்காரர்கள். போலீஸ்காரரிடம் ஒரு பெண் தன் வாழ்க்கையை எவ்வளவுதான் விளக்கிச் சொல்வாள்?

இன்னொரு வழக்கு, அறுபத்தைந்து வருடம் முந்தியது. 1793இல் லேனா சாயர் என்ற 17 வயதுத் தையல்காரப் பெண், ஹாரி பெட்லோ என்ற பணக்கார இளைஞன் தன்னை ஒரு விபச்சார விடுதிக்குக் கொண்டுபோய் வன்புணர்ந்ததாக நியூயார்க் நீதிமன்றத்தில் சொன்னாள். அந்தஸ்துள்ள ஒருவன் தையல்காரியிடம் வேறு எதற்குப் பேச்சுக் கொடுப்பான், அது அவளுக்குத் தெரியாதா என்பது எதிர்த்தரப்பு வாதத்தின் சாரம். ஜூரி பதினைந்து நிமிடத்தில் அவனை விடுவித்தது. ஊர் மக்கள் கொதித்துப்போய் அந்த விடுதியை அடித்து நொறுக்கினார்கள். பிறகு லேனாவின் மாற்றாந்தந்தை சிவில் வழக்குப் போட்டு 1,800 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். மகள் கெடுக்கப்பட்டதால் அவளுடைய உழைப்பை வீட்டுத் தலைவர் இழந்தார் என்பதுதான் அந்தச் சட்டத்தின் கணக்கு. நஷ்டம் அவருடையது. அவளுக்கு நடந்தது அவளுடைய நஷ்டமாக அதில் பதிவாகவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. லேனா 'எனக்குச் சம்மதமில்லை' என்றாள், நம்பவில்லை. 513 பேர் 'எனக்கு விருப்பம்' என்றார்கள், அதையும் நம்பவில்லை. நம்பியவர்களும் பழி போடத்தான் நம்பினார்கள். உழைக்கிற ஏழைப் பெண்ணின் விருப்பம் அவளுக்கு எதிராக மட்டுமே செல்லுபடியானது.

என் நிலைப்பாடு இது. அந்த 513 பேரை நான் நம்புகிறேன். வாரம் ஒரு டாலருக்கு அடுத்தவர் வீட்டில் விடிகாலை முதல் இரவுவரை உழைப்பதைவிட இது மேல் என்று ஒருத்தி கணக்குப் போட்டிருந்தால், அவள் யோசித்துத்தான் போட்டிருக்கிறாள். அவளுக்குப் புத்தி இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் அவள் தேர்ந்தெடுத்தாள் என்பதால் மற்றவர்கள் கணக்குத் தீர்ந்துவிடாது. அவள் முன்னால் இருந்த வழிகளை இரண்டாகவோ மூன்றாகவோ சுருக்கியது யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த ஒரு டாலரைக் கொடுத்த வீட்டு எசமானிடமும் விடுதிக்கு வந்துபோன ஆணிடமும் 'ஏன்' என்று கேட்க அந்த 2,000 படிவங்களில் ஒரு வரிகூட இல்லை.