சொல் எங்கே முடிகிறது?

விமானி அறையின் வானொலிப் பேச்சு, பலர் ஒரே வழியில் போய்வரும் பேச்சு. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தை நெருங்கும் விமானங்கள் ஒரே அலைவரிசைக்கு வந்து சேர்கின்றன. சென்னையிலிருந்து வரும் உள்நாட்டு விமானமும், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு தடங்களில் பறப்பவையும் ஒரே கட்டுப்பாட்டாளரின் குரலைக் கேட்கின்றன. ஒருவருக்குச் சொல்வது எல்லோர் காதிலும் விழுகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் சேர்ந்து பேசினால் இருவர் சொல்லும் கெட்டு, சீழ்க்கை போன்ற இரைச்சல்தான் கேட்கும். வானொலி ஒழுக்கம் இந்த நெருக்கடியில் பிறந்தது. அதன் விதிகள் உயிர்காப்புக்காக எழுதப்பட்டவை. ஆயினும் சமயமும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் ஒரு கேள்வி அவற்றுக்குள் இருக்கிறது: ஒரு சொல் எப்போது நிறைவடைகிறது? சொன்னவர் சொல்லி முடித்ததுமா, கேட்டவர் காதில் விழுந்ததுமா, அதன்படி காரியம் நடந்ததுமா? விமான நிலையத்துக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்திலும், கொள்ளிடம் தாண்டிய சமயபுரத்திலும் இதே கேள்வி வேறு வடிவில் வழிபாட்டுக்குள் இருக்கிறது.

சொல்லும் முறை

பயணிகள் விமானங்களின் குரல்தொடர்பு பெரும்பாலும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில் நடக்கிறது. முதல் விதி, பேசும் பொத்தானை அழுத்துமுன் கேட்பது. வேறு இருவருக்கிடையே ஒரு கேள்வி எழுந்திருந்தால், அதற்கான பதில் வந்து முடியும்வரை மூன்றாமவர் குறுக்கிடக் கூடாது. இரண்டாவது, சொல்லப் போவதை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொண்டு வாய் திறப்பது. மூன்றாவது, யாரை அழைக்கிறோம், அழைப்பவர் யார் என்பதை முதலில் சொல்வது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அழைப்புப் பெயர் உண்டு. இண்டிகோ விமானம் ‘ஐஃப்ளை’, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ‘எக்ஸ்பிரஸ் இந்தியா’, ஸ்கூட் ‘ஸ்கூட்டர்’. பெயரோடு எண்ணும் சேர்ந்தால்தான் அழைப்பு ஒரு விமானத்துக்கு உரியதாகும். பேசும் வேகம் நிமிடத்துக்கு 100 சொற்களைத் தாண்டக் கூடாது என்பது ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வழிகாட்டல். உபசார வார்த்தைகள் மிகக் கூடாது. இருந்தும் இந்திய வானில் விடைபெறும்போது ‘நமஸ்கார்’ என்ற ஒரு சொல் வழக்கமாகக் கேட்கிறது.

சொற்களின் பொருளும் வரையறுக்கப்பட்டது. ‘ரோஜர்’ என்றால் கடைசியாகச் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். அது சம்மதம் ஆகாது. ‘வில்கோ’ என்றால் விளங்கியது, அவ்வாறே செய்வேன் என்று பொருள். ‘சே அகெய்ன்’ மறுபடி சொல்லக் கேட்பது. ‘அனேபிள்’ சொன்னபடி செய்ய இயலாது என்பது. கேட்டல், ஏற்றல், ஐயம், மறுப்பு ஆகிய நான்கு மனநிலைகளுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதால், ஒன்று இன்னொன்றாகத் தோற்றம் காட்ட இடமில்லை.

செவியின் பொறுப்பு

திருக்குறளின் இனியவை கூறல், பயனில சொல்லாமை, வாய்மை ஆகிய அதிகாரங்களும் பௌத்தத்தின் நற்சொல் நெறியும் பெரும்பாலும் பேசுபவரைப் பார்த்தே அறம் சொல்கின்றன. கேட்பதற்குத் திருக்குறள் ‘கேள்வி’ என்று தனி அதிகாரம் தந்தாலும், அங்கே கேள்வி என்பது கற்றோர் சொல் கேட்டு அறிவு பெறுதல். தவறாகக் கேட்பதையும் ஒரு குற்றமாகக் கருதி, அதற்கு ஒழுங்கு வகுத்தது வானொலி நெறி.

அந்த ஒழுங்கின் கருவி ஹெட்செட். குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே பறக்கும்போது, விமானி அறைப் பணியில் உள்ளவர்கள் வாயருகே நிற்கும் பூம் மைக் அல்லது தொண்டை மைக் வழியாகவே பேச வேண்டும் என்று ஐகாவோ விதிக்கிறது. கையில் எடுத்துப் பேசும் மைக்கும் சுவரில் பொருத்திய ஒலிபெருக்கியும் இயந்திர இரைச்சலில் சொல்லைத் தேய்த்துவிடும். ஒரு கையையும் பிடித்துக்கொள்ளும். பேசுபவரின் குரலை அவர் காதுக்கே ஹெட்செட் திருப்பித் தருகிறது. தன் சொல் எப்படிப் போகிறது என்பதை அவர் அக்கணமே அறிகிறார். இருவரில் ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் வானொலியைக் கவனிப்பார். ஆனால் கேட்கும் கடமை இருவருக்கும் உண்டு. பயணிகளிடம் பேசவோ வேறு வேலைக்கோ ஒருவர் அலைவரிசையை விட்டு விலகினால், சொல்லிவிட்டு விலக வேண்டும். திரும்பியதும் இடையில் மாறியதை மற்றவர் சொல்ல வேண்டும்.

காது திறந்திருந்தாலும் கேட்பது பிழைக்கும். ஒரு வாக்கியம் பொருள் தர அவாய்நிலை, தகுதி, அண்மை என மூன்று வேண்டும் என்று மீமாம்சகர்களும் தமிழ் இலக்கண உரையாசிரியர்களும் சொல்வர். ஒரு சொல்லைக் கேட்டதும் அடுத்த சொல்லை மனம் நாடுவது அவாய்நிலை. அந்த நாட்டம் இல்லாவிட்டால் சொற்கள் சேர்ந்து பொருளாகா. ஆனால் விமானி அறையில் ஆபத்து வரும் வழியும் அதுவே. எதிர்பார்த்த அனுமதியையே மனம் கேட்கிறது. வராத சொல்லைத் தானே இட்டு நிரப்புகிறது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், மூடுபனியில் கேஎல்எம், பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தனர். கேஎல்எம் விமானம் புறப்பட அனுமதி பெறவில்லை. அதன் துணை விமானி சொன்னது இருபொருள் பட நின்றது. காத்திருக்கும்படி கோபுரம் சொன்னதும், தாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருப்பதாகப் பான் ஆம் விமானிகள் சொன்னதும் ஒரே நேரத்தில் வந்து இரைச்சலில் சிதைந்தன. அதன் பின்னர், ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை அந்த அனுமதியைத் தரும்போதும் ரத்து செய்யும்போதும் மட்டுமே ஆள வேண்டும் என்பது வழக்கமாயிற்று. எதிர்பார்ப்பைத் தூண்டும் சொல்லையே வேறு இடங்களில் வராமல் விலக்கியது இந்த விதி.

திருப்பிச் சொல்லுதல்

செவிப்பிழையைக் கண்டுபிடிக்க வானொலி நெறி வைத்திருக்கும் வழி ‘ரீட்பேக்’. ஓடுபாதை எண், பறக்கும் உயரம், திசை, வேகம், காற்றழுத்த அளவு, புறப்பாட்டு அனுமதி ஆகியவற்றைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே ‘ரோஜர்’ செல்லாது. திருப்பிச் சொல்வதைக் கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்டு, பிழை இருந்தால் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் பிழை இருவருக்கும் உரியதாகிறது.

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களுள் ‘கூறியது கூறல்’ என்பதையும் நன்னூல் சேர்த்திருக்கிறது. எழுதப்பட்ட நூலில் அது குற்றமே. வாசகர் பின்னே புரட்டிப் பார்த்துக்கொள்வார். காற்றில் கரையும் வாய்மொழிக்குக் கூறியது கூறலே காப்பு. வேதமும் திவ்யப் பிரபந்தமும் ஸ்ரீரங்கம் போன்ற தலங்களில் கற்பிக்கப்படும் முறை இதற்குச் சான்று. ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை சொல்வது ‘சந்தை’ எனப்படும். மாணவர் வாயிலிருந்து வரும்போதுதான் அவர் எதைக் கேட்டார் என்பது ஆசிரியருக்குத் தெரியும். க்ரமம், ஜடை, கனம் ஆகிய ஓதுமுறைகள் சொற்களை முன்னும் பின்னும் கோத்துத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதால், ஓர் எழுத்து பிசகினாலும் அது வெளிப்பட்டுவிடும்.

பெயர் சொல்லி அழைத்தலுக்கும் மறுமொழிக்கும் ஸ்ரீரங்கத்தில் ‘அருளப்பாடு’ என்னும் முறை உண்டு. அரங்கநாதரின் பெயரால் ஆழ்வார், ஆசாரியர், அரையர் எனத் தொண்டுக்குரியோர் ஒவ்வொருவராக அழைக்கப்படுவர். அழைக்கப்பட்டவர் ‘நாயிந்தே’ என்று மறுமொழி சொல்லி முன்வருவார். அழைப்பு பொதுவெளியில் ஒலித்தாலும் ஒருவரையே சேர்கிறது. அவரது மறுமொழி வந்த பிறகே தொண்டு தொடங்குகிறது. ‘கேட்டேன்’ என்பதும் ‘வந்தேன்’ என்பதும் அங்கே ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

சொல்லிலிருந்து செயலுக்கு

திருப்பிச் சொல்வது ஓசையைக் காக்கும். செயலுக்கு அதனால் உறுதி தர முடியாது. பொருள் அறியாமலும் வேதத்தைப் பிழையின்றி ஓத முடிவதுபோல, உயரத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு வேறு உயரத்துக்குப் போய்விடவும் முடியும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி அரேபிய விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தனர். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும். எதிரே சவூதி விமானம் 14,000 அடியில் வந்தது. கஜகஸ்தான் விமானத்தில் வானொலிப் பேச்சுக்குத் தனி ஆள் இருந்தார். அவருக்கென்று உயரமானி இல்லை. விமானிகளின் கருவிகளைப் பார்த்தே அறிய வேண்டியிருந்தது. கட்டுப்பாட்டாளருக்கு மறுமொழி போனது. விமானமோ தன் உயரத்தை விட்டு இறங்கியது. சொல்லை ஏற்ற வாயும், அதை நிறைவேற்ற வேண்டிய கையும் வேறு வேறாக இருந்தன. விபத்துக்குப் பின் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமாயிற்று. விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஐகாவோ வகுத்த ஆங்கிலத் தேர்ச்சி விதி 2008 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

‘ரோஜர்’, ‘வில்கோ’ இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம், சொல்லுக்கும் செயலுக்கும் நடுவிலுள்ள இந்தத் தூரம்தான். சமயபுரம் மாரியம்மன் கோயிலின் வேண்டுதல் முழுவதும் அந்த இரண்டாம் சொல்லின் பக்கம் நிற்கிறது. நோய் தீர்ந்தால் தீச்சட்டி எடுப்பேன், பால்குடம் சுமப்பேன், முடி இறக்குவேன் என்று மனத்துக்குள் சொல்வதை வேறு யாரும் கேட்பதில்லை. திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பாரும் இல்லை. அந்தச் சொல் நேர்த்திக்கடனைச் செலுத்தும் அன்றுதான் முடிகிறது. அதுவரை அது கடன். அம்மன் பக்கத்திலிருந்து வரும் மறுமொழியும் செயலாகவே கொள்ளப்படுகிறது. மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காக அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். தளிகை நிறுத்தப்பட்டு, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் போன்றவையே படைக்கப்படுகின்றன.

உண்மை பேசுவதும் உண்மையும்

சொல் ஒழுங்காகப் போய், ஒழுங்காகத் திரும்பி வந்தாலும் அது உண்மையாக இருக்குமா என்பது அடுத்த கேள்வி. நியாய தரிசனம் சொல்லை அறிவுக்கான வாயில்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஆனால் சொல்பவர் ‘ஆப்தர்’, அதாவது நம்பத்தக்கவர், ஆக இருக்க வேண்டும். பொருளை நேரே அறிந்தவரும், அறிந்தபடி சொல்ல விரும்புபவருமே ஆப்தர் என்று நியாய சூத்திர உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் வரையறுக்கிறார். அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்கிறார். குலமும் பதவியும் ஆப்தத்துக்கு அளவு ஆகா.

இந்த இலக்கணத்தைச் சோதிக்கும் நிகழ்வு ஒன்று திருச்சியிலேயே நடந்தது. 2018 அக்டோபர் 12 அதிகாலையில் 136 பேருடன் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737, ஓடுபாதைக்கு அப்பாலிருந்த லோக்கலைசர் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துவிட்டு மேலேறியது. தரையிலிருந்தவர்கள் விமானம் இடித்திருக்கலாம் என்று தெரிவித்தனர். கருவிகள் யாவும் இயல்பாக இருப்பதாக விமானிகள் பதில் சொல்லிப் பயணத்தைத் தொடர்ந்தனர். பின்னர் விமானம் மும்பைக்குத் திருப்பப்பட்டு, புறப்பட்டுச் சுமார் 4 மணி நேரத்துக்குப் பின் பத்திரமாக இறங்கியது, அடிப்பகுதி கிழிந்திருந்தது. அந்தப் பதிலில் பொய் இல்லை. கருவிகள் காட்டியதையே அது சொன்னது. கண்ணால் பார்த்த அறிவு தரையில் இருந்தது, கருவியறிவு வானத்தில் இருந்தது. இரு தரப்பில் எதுவும் தனித்து ஆப்தர் அல்ல.

திருச்சி மலைக்கோட்டையில் தங்கள் கற்படுக்கைகளை விட்டுச்சென்ற சமணரின் சியாத்வாதம் இங்கே பொருந்துகிறது. எந்தக் கூற்றும் ஒரு நிலையிலிருந்து சொல்லப்படுவது. நிலையை நீக்கினால் கூற்று பிழையாகும். ‘கருவிகளின்படி இயல்பு’ என்பது நிலையோடு கூடிய கூற்று. ‘விமானத்துக்கு ஒன்றுமில்லை’ என்று அதைக் கொள்ளும்போது அந்த நிலை உதிர்ந்துவிடுகிறது. வானொலி நெறி விமானியிடமும் கட்டுப்பாட்டாளரிடமும் எதிர்பார்ப்பது, தான் காண்பதைக் காண்பதாகவும், அறியாததை அறியாததாகவும் பிரித்துச் சொல்வது.

வழிபாட்டுச் சொல்லும் வானொலிச் சொல்லும்

இரண்டுக்கும் வேற்றுமையும் உண்டு. அருளப்பாட்டுக்கு ‘மறுபடி சொல்லவும்’ என்ற மறுமொழி கிடையாது. அழைப்பு பிழைக்காது என்பதே அதன் அடிப்படை. சந்தையில் திருத்தம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு மட்டுமே போகும். வானொலியிலோ திருத்தம் இரு பக்கமும் போகும். கட்டுப்பாட்டாளரின் ஆணை பாதுகாப்புக்கு முரணானால் ‘அனேபிள்’ என்பது விமானியின் கடமை. கேப்டன் தவறாகக் கேட்டிருந்தால் அதைச் சொல்வது துணை விமானியின் கடமை. டெனரீஃபில் பான் ஆம் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேஎல்எம் விமானத்தின் பொறியாளர் கேட்டார். கேப்டன் விலகிவிட்டது என்று உறுதியாகச் சொல்ல, பேச்சு அத்துடன் நின்றது. மூத்தவர் சொல்லை மறுபடி கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணும் பழக்கத்தை, பின்னாளில் உருவான விமானக் குழுப் பயிற்சி முறைகள் நேராக எதிர்த்தன.

வழிபாட்டில் சொல்லின் நம்பகம் அழைப்பவரின் பிழையாமையில் நிற்கிறது. வானொலியில் எவரும் பிழைக்கலாம் என்ற ஒப்புதலில் நிற்கிறது. ஆனால் சொல்வதோடு சொல் முடிவதில்லை என்பதில் இரண்டும் உடன்படுகின்றன. கேட்டவர் அதைத் திருப்பித் தர வேண்டும். தந்தபடி நடக்க வேண்டும். நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். வாய்மை இவ்வாறு சொல்பவர், கேட்பவர், செய்பவர் மூவருக்கும் உரிய பொறுப்பாகிறது; ஒருவர் தவறினால் மற்ற இருவரின் நேர்மை மட்டும் அதைக் காத்துவிடாது.